சோமசேகரி கடலுக்கு உதவாது

வடகரைப் பனிக்கட்டி வழங்கற் சபையின் அலுவலகத்தைக் கடலிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளி வைக்கலாமோ அவ்வளவு தூரம் தள்ளி, நல்லூரில் வைத்திருந்தார்கள். மீன்பிடிக்கிற சனத்துக்கு ஐஸ் கொடுப்பதற்கென்று உண்டான சபை அது. ஆனால் அதன் பணிப்பாளர் சோமசேகரத்துக்கு மீன் மணம் ஒத்துக்கொள்ளாது. அவர் உடுவிலில் தோட்டம் துரவென்று வாழ்ந்த குடும்பத்தவர். மரக்கறிச் சாப்பாட்டுக்காரர். கடற்கரைக்கு வருடத்தில் ஒரு தடவை வருவார், மூக்கில் யூடிகொலோன் போட்ட லேஞ்சியோடு.

எண்பத்தோராம் ஆண்டு இந்தச் சபைக்கு ஒரு கொம்பியூற்றர் வந்தது. அதற்கு முன்பு மயிலிட்டிக் கடற்கரையில், வாடி என்கிற ஐஸ் கொட்டிலில் நின்ற மனிதர், கரைக்கு வந்த படகுகளைக் கண்ணால் பார்த்து ஐஸ் கொடுத்துவந்தார். இந்த முறை விஞ்ஞானபூர்வமானது அல்ல என்று சபை கண்டது. இனிமேல் எந்தப் படகுக்கு ஐஸ் என்பதை நல்லூரில் கொம்பியூற்றர் தீர்மானிக்கும். தீர்மானம் காலையில் ஜீப்பில் மயிலிட்டிக்கு வரும். கொம்பியூற்றர் சூடு தாங்காது என்பதாலும், அதன் அறைக்கு வாங்கிய குளிரூட்டி வந்த வாரமே பழுதாகிவிட்டதாலும், நாள்தோறும் முதல் ஐஸ் கட்டிகள் மயிலிட்டியிலிருந்து நல்லூருக்குப் போய் அதைச் சுற்றி அடுக்கப்பட்டன. மிச்சம் மீனுக்கு.

இதுவரைக்கும் இராசமலருக்கு முறைப்பாடு ஒன்றும் இருக்கவில்லை. அவளும் தமையன் முத்துக்குமாருவும் ‘அன்னபூரணி’ என்று ஓர் இயந்திரப் படகு வைத்திருந்தார்கள். முத்துக்குமாரு கடலில் எவ்வளவு கெட்டிக்காரனோ கரையில் அவ்வளவு வாயில்லாதவன். ஆகவே கடல் அவனுடையது, கரை இவளுடையது. மீனை விற்பது, கொழும்பு லொறியோடு மல்லுக்கட்டுவது, படகில் போகிறவர்களின் வீடுகளுக்குப் பதில் சொல்வது எல்லாம் இராசமலர். கரையில் அவளை, படகு முதலாளியைக் கூப்பிடுகிறபடி, சம்மாட்டி என்றுதான் கூப்பிடுவார்கள்.

பிறகு கொழும்பிலிருந்து புதிய ஒப்பரேற்றிங் சிஸ்ரம் வந்தது.

அது வந்தது கடற்கரையில் ஒருவருக்கும் தெரியாது. ஒருநாள் காலை முத்துக்குமாரு படகு நிறைய அறக்குளா மீனோடு வந்து இறங்கினான். இராசமலர் ஐஸ் வாடிக்குப் போனாள். வாடிக்காரன் தாளைப் பார்த்தான்.

“அக்கா, அன்னபூரணிக்கு ஐஸ் எடுத்தாச்செண்டு கிடக்கு.”

“ஆர் எடுத்தது?”

“அன்னபூரணி.”

“நாங்கள்தானே அன்னபூரணி?”

“ஓம். அதுதானே சொல்லுறன், நீங்கள் எடுத்திட்டியள்.”

எடுத்தது மார்க்கண்டுவின் ‘அன்னபூரணேஸ்வரி’. மார்க்கண்டு நல்ல மனிதன்தான். தாளில் தன் படகென்று நினைத்து எடுத்துக்கொண்டு போய்விட்டான். வெயில் ஏறியது. கொழும்பு லொறிக்காரன் மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினான். அறக்குளா முழுவதும் கருவாட்டுக்குப் போயிற்று.

இராசமலர் அடுத்த நாளே பஸ் ஏறி நல்லூருக்குப் போனாள். படலையில் காவல்காரன் அவளை மறித்து, குழாயடியில் கைகால் கழுவச் சொன்னான். கழுவினாள். இன்னொருமுறை கழுவச் சொன்னான். பிறகு உள்ளே போய் ஒரு சாம்பிராணிக் குச்சியைக் கொளுத்தி வாசலில் குத்திவிட்டு, “இப்ப போங்கோ” என்றான்.

கொம்பியூற்றர் அறையில் ஸ்ரெல்லா என்ற பெண் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு, ஐஸ் கட்டிகளுக்கு நடுவில் இருந்தாள். கடற்கரை ஊரான பாஷையூர்ப் பெண். கொழும்பில் படித்துவிட்டு வந்தவள். மீன் மணத்துக்கு மூக்கைப் பொத்தாத ஒரே ஆள் அந்த வளவுக்குள் அவள்தான்.

“அக்கா, புரோகிராம் பழசு, சிஸ்ரம் புதுசு” என்றாள் ஸ்ரெல்லா. “பழைய சிஸ்ரத்திலை பேர் எவ்வளவு நீட்டெண்டாலும் பறவாயில்லை. புதுசு இங்கிலிசிலை முதல் எட்டெழுத்தைத்தான் பாக்கும். உங்கடை போட்டும் மற்றப் போட்டும் எட்டெழுத்து மட்டும் ஒண்டு. அதாலை ரெண்டும் ஒரு போட்டெண்டு நினைக்குது.”

“அதைத் திருத்த ஏலாதோ பிள்ளை?”

“ஏன் ஏலாது? புரோகிராமிலை ரெண்டு வரி மாத்தினால் சரி. ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம்.”

“அப்ப மாத்துமன்.”

“மாத்த எனக்கு அதிகாரம் இல்லை. பணிப்பாளர் ஐயாவைக் கேளுங்கோ.”

பணிப்பாளர் சோமசேகரம் கதவைத் திறந்து வைக்கச் சொல்லி, மின்விசிறியைத் தனக்குப் பின்னாலிருந்து அவள் பக்கமாக அடிக்கத் திருப்பிவிட்டு, அவள் சொன்னதை முழுவதும் கேட்டார். அவர் கெட்ட மனிதர் அல்ல. விளங்கப்படுத்துவதில் விருப்பமுள்ளவர்.

“இஞ்சை பாரும், இராசமலர். இந்தப் புரோகிராமை எழுதினது என்ரை மச்சானின்ரை மகன். அவர் இப்ப நைஜீரியாவிலை. நல்லூரானுக்கு அர்ச்சனை செய்து, நீர்வேலியிலிருந்து ஒரு முழுக் குலை கதலி எடுப்பிச்சுப் படைச்சுத் துவங்கின புரோகிராம். அதிலை கை வைக்க ஏலாது. புதிய சிஸ்ரம் கொழும்பு அனுப்பினது. அதிலையும் பிழை பிடிக்க ஏலாது. புரோகிராமிலை பிழையில்லை, சிஸ்ரத்திலை பிழையில்லை. அப்ப மிச்சம் என்ன இருக்கு?”

இராசமலர் யோசித்துப் பார்த்தாள்.

“உம்மடை போட்டு” என்றார் சோமசேகரம், அன்பாக. “பேரை மாத்தும்.”

மாற்றினாள். இரண்டு தலைமுறையாக இருந்த பெயரைச் சுரண்டிவிட்டு, வம்பே வேண்டாமென்று ‘வேல்’ என்று எழுதுவித்தாள். அதற்கும் ஐஸ் வரவில்லை. பழைய புரோகிராமுக்கு இவ்வளவு குட்டையான பெயர் பழக்கமில்லையாம். மிச்ச எழுத்துகளும் வரும் வரும் என்று அது காத்துக்கொண்டிருப்பதாக ஸ்ரெல்லா சொல்லியனுப்பினாள்.

இப்படியான முறைப்பாடுகள் கூடவே, சபை ஓர் இணக்கக் குழுவை நியமித்தது. பழையதையும் புதியதையும் இணக்கி வைப்பது அதன் பணி. தலைவர் சோமசேகரம். செயலாளர் உதவிப் பணிப்பாளர் பரமலிங்கம். இவர், தலைவர் ஒரு வசனத்தைத் தொடங்கினால் அதை முடித்து வைப்பதில் வல்லவர். குழு பலதடவை கூடி, வடையும் கோப்பியும் எடுத்துக்கொண்டு, எல்லாப் படகுகளும் கொம்பியூற்றர் வாசிக்கிற எட்டு இங்கிலிசு எழுத்தளவை மட்டுமே முகப்பில் எழுதவேண்டும் என்று கட்டளையிட்டது. ‘முருகன்துணை’ என்ற படகு துணையை இழந்து ‘முருகன்த்’ என்று ஓடியது. ‘நாகபூசணி’ வெறும் ‘நாகபூச’ ஆனது. கடலில் ஒருவருக்கொருவர் கூப்பிடவே வெட்கமாக இருந்தது என்று மார்க்கண்டு சொன்னான்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் சிஸ்ரத்தின் அடுத்த பதிப்பும் வந்து இறங்கியது. இதற்குப் பிறகு நடந்ததில் சிரிக்க ஒன்றுமில்லை.

அந்தப் புரோகிராம் உண்மையில் படகுகளுக்கென்று எழுதப்பட்டதே அல்ல. அலுவலகத்து ஆட்களின் சம்பளத்துக்கும் லீவுக்கும் எழுதியது. படகுகளுக்குப் புதிதாக ஒன்று எழுதப் பஞ்சிப்பட்டு, படகுகளையும் ஊழியர்களென்றே அதற்குள் சேர்த்துவிட்டார்கள். பழைய சிஸ்ரத்தில் ஆட்கள் ஓர் அறையிலும் படகுகள் ஓர் அறையிலுமாக இருந்தன. புதிய பதிப்பில் ஒரே அறை; ‘வேல்’ போன்ற குட்டைப் பெயர்களும் அதற்குப் பழகிவிட்டன. ஆகவே கொம்பியூற்றர், கரையில் நிற்கிற படகு வேலைக்கு வந்திருக்கிறது என்றும், கடலுக்குப் போன படகு லீவில் போய்விட்டது என்றும் விளங்கிக்கொண்டது. லீவில் நிற்பவருக்கு ஐஸ் எதற்கு?

கரையில் காய்ந்துகொண்டு கிடந்த படகுகளுக்கு ஐஸ் வந்தது. அவற்றின் பக்கத்தில் மணலில் வைத்துவிட்டுப் போனார்கள். அது உருகி மணலுக்குள் போயிற்று. இன்ஜின் கழற்றி வருடக்கணக்கான ஓர் உடைந்த ஓடத்துக்கும் தவறாமல் ஐஸ் வந்தது. முத்துக்குமாரு, வாழ்நாளில் காணாத ஒரு மீன் பட்டியை, அறக்குளாவும் பாரையுமாக, சுருட்டிக்கொண்டு கடலிலிருந்து திரும்பிய நாளில் அவனுக்கு ஒரு கட்டிகூட இல்லை. கடனாகத் தர மார்க்கண்டுவிடமும் இல்லை. அவனும் கடலுக்குப் போய்த்தான் வந்திருந்தான்.

மத்தியானத்துக்கு மேல் மீன் கண் வெளுத்தது. கருவாட்டுக்குப் போட உப்புப் போதவில்லை. பின்னேரம் ஆளுக்கொரு மண்வெட்டியோடு நின்று மீனைப் புதைக்கக் கரையில் கிடங்கு வெட்டினார்கள்.

சோமசேகரம் வருடத்தில் ஒரு தடவை வருகிற நாளாக அது அமைந்துவிட்டது. கொம்பியூற்றர் வந்த ஆண்டு நிறைவுக்குக் கடற்கரையில் ஒரு சிறு கூட்டம் வைத்திருந்தார்கள். லேஞ்சியை மூக்கில் பிடித்தபடியே அவர் பேசினார்.

“பெருமையோடை சொல்லுறன். கடலுக்குப் போகாத போட்டுகளிலை நூற்றுக்கு நூறு போட்டுக்கு ஐஸ் கிடைக்குது. ஒரு முறைப்பாடு இல்லை. கடலுக்குப் போற போட்டுகள்தான் இந்தத் திட்டத்துக்கு இன்னும் ஒத்துழைக்காமல் நிக்குது. இந்தக் கடற்கரைச் சனத்துக்கு ஒழுங்கு பழக்கிறது லேசான காரியம் இல்லை. எண்டாலும் நாங்கள்...”

“பழக்குவம்” என்று பரமலிங்கம் முடித்து வைத்தார்.

முத்துக்குமாரு கிடங்கடியிலிருந்து எழுந்து வந்தான். கரையில் வாய் திறக்காதவன் அன்று திறந்தான். “ஐயா, என்ரை மீன் முழுக்க மண்ணுக்கை போகுது” என்றான்.

சோமசேகரம் இரண்டடி பின்னுக்குப் போனார். “ஓம், மணக்குது. கெதியாய்த் தாட்டுப்போட்டுக் குளிச்சிட்டு வாரும், பேந்து கதைப்பம்” என்றார். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவராக, “அதுசரி, ஐஸ் இல்லையெண்டு தெரிஞ்சும் நீர் ஏன் கடலுக்குப் போனீர்?” என்று கேட்டார். உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பித்தான் கேட்டார். கூட்டத்தில் அலுவலகத்துக்காரர் சிலர் சிரித்தார்கள்.

முத்துக்குமாரு மண்வெட்டியைக் கீழே வைத்தான். மறுநாள் அவன் கடலுக்குப் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. அந்தக் கிழமையே சைக்கிளை எடுத்துக்கொண்டு நீர்வேலிக்குப் போய், ஒரு வாழைத்தோட்டத்தில் தண்ணீர் மாறுகிற கூலி வேலைக்குச் சேர்ந்தான். புயலுக்குள்ளிருந்து ஆட்களைக் கொண்டுவந்து கரை சேர்த்தவன், வாய்க்கால் தண்ணீரை மண்வெட்டியால் இந்தப் பாத்தியிலிருந்து அந்தப் பாத்திக்குத் திருப்பிக்கொண்டு நின்றான். படகு கரையில் கிடந்து வெயிலில் வெடித்தது. அதற்கு நாள்தோறும் ஐஸ் வந்தது.

இராசமலர் ஒருநாள் தமையனுக்குச் சோறு கொண்டுபோனாள். அவன் வாழைகளுக்கு நடுவில், முழங்கால்வரை சேற்றோடு, அவளை நிமிர்ந்து பார்க்காமல் சாப்பிட்டான். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் அழவில்லை. நல்லூரில் இறங்கினாள்.

காவல்காரன் சொல்ல முன்னமே கைகால் கழுவிக்கொண்டு, ஸ்ரெல்லாவிடம் போனாள்.

“பிள்ளை, ஆக்களும் போட்டுகளும் ஒரே அறையெண்டு சொல்லியனுப்பினீர். இப்பவும் அப்பிடித்தானோ?”

“ஓம் அக்கா.”

“பணிப்பாளர் ஐயாவும் அதுக்குள்ளைதானோ?”

“எல்லாரும் அதுக்குள்ளைதான்.”

“நான் போட்டின்ரை பேரை இன்னொருக்கால் மாத்தப்போறன். சோமசேகரி எண்டு.”

ஸ்ரெல்லா ஒவ்வோர் இங்கிலிசு எழுத்தாகச் சொல்லிக் கைவிரல்களை மடித்துப் பார்த்தாள். எட்டாவது விரல் மடிந்ததும் அப்படியே நின்றாள். பிறகு கம்பளிச் சட்டையின் கையால் வாயைப் பொத்திக்கொண்டு, கதவு சாத்தியிருக்கிறதா என்று எட்டிப் பார்த்தாள்.

“அம்பாளின்ரை நல்ல பேர்” என்றாள்.

சோமசேகரம் இந்தச் செய்தியைக் கேட்டு, தன் பெயரைத்தான் வைக்கிறார்கள் என்று பூரித்துப்போனார். அனுமதியைத் தன் கையாலேயே எழுதினார். பெயர் சூட்டலுக்கு வருடத்தில் இரண்டாவது தடவையாகக் கடற்கரைக்கு வந்து, தேங்காய் உடைத்து, மாலையும் போட்டார். “நன்றி தெரியாத சனம் எண்டு சொன்னவையள் வந்து பாக்கட்டும்” என்றார். லேஞ்சியைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டுப் பேசினார் என்றால் எவ்வளவு மனம் இளகியிருந்தார் என்று விளங்கும். இராசமலர் அவருக்குச் சந்தனம் கொடுத்தாள், இளநீர் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு அவள் கடற்றொழில் பரிசோதகர் நாகலிங்கத்தைக் கூப்பிட்டுப் படகைக் காட்டினாள். நாகலிங்கம் நேர்மையான மனிதர். ஒரு காகிதத்தில் இருப்பதை இன்னொரு காகிதத்தில் பார்த்து எழுதுவதில் பிழை விடாதவர். படகைச் சுற்றி வந்து தட்டிப் பார்த்தார்.

“அடிப்பலகை உக்கிப்போச்சு, சம்மாட்டி. பொருத்தெல்லாம் விட்டிட்டுது. இனி இது கடலுக்கு உதவாது.”

“அதை அப்பிடியே சபைக்கு எழுதிவிடுங்கோ ஐயா.”

எழுதினார். அவர் எழுதினதை ஸ்ரெல்லா கொம்பியூற்றருக்குச் சொன்னாள். கொம்பியூற்றர் அதைத் தன் ஒரே அறைக்குள், ஆளும் படகும் ஒன்றாகிப்போன ஒரே எட்டெழுத்துச் ‘சோமசேக’வில் பதிந்து, மாத முடிவில் கொழும்புக்கும் அறிவித்தது. கொழும்பு உடனே கட்டளை அனுப்பியது: அடிப்பாகம் உக்கியது, சேவையிலிருந்து நீக்குக, இயந்திரத்தைக் கழற்றி எடுக்குக, எஞ்சிய உடலை ஏலத்தில் விடலாம், எடுப்பாரில்லாவிடில் கரையில் வைத்து எரிக்கலாம்.

சோமசேகரம் அன்று அலுவலகத்துக்கு வந்தபோது அவருடைய கதிரையில் பரமலிங்கம் இருந்தார். எழும்பவில்லை.

“என்ன இது பரமலிங்கம்? நான் முழு ஆளாய் முன்னாலை நிக்கிறன். எனக்கு ஒண்டும் உக்கேல்லை!”

“அது உங்கடை சொந்த அபிப்பிராயம் ஐயா” என்றார் பரமலிங்கம் மரியாதையாக. “நீங்களே பழக்கின பாடம்தானே. புரோகிராமிலை பிழையில்லை. கொழும்பிலை பிழையில்லை. மிச்சம் நீங்கள்தான். ஜீப்புத் திறப்பைத் தந்திட்டுப் போங்கோ, இயந்திரத்தைக் கழற்றச் சொல்லிக் கிடக்கு.”

சோமசேகரம் கொம்பியூற்றர் அறைக்கு ஓடினார். “பிள்ளை, அந்த ரெண்டு வரியை மாத்தும்! இப்பவே மாத்தும்!” என்று கத்தினார்.

“நைஜீரியாவிலை கேக்க வேண்டாமோ ஐயா?” என்றாள் ஸ்ரெல்லா.

“நைஜீரியா நாசமாய்ப் போகட்டும்!”

“நீக்கப்பட்ட படகு கட்டளையிட ஏலாது” என்று பின்னாலிருந்து பரமலிங்கம் சொன்னார்.

ஆனால் கடற்கரை சும்மா இருக்கவில்லை. மார்க்கண்டு தன் படகுக்குப் ‘பரமலிங்கேஸ்வரி’ என்று பெயர் வைக்க அனுமதி கேட்டு அலுவலக வாசலில் வந்து நின்றான். படகு நல்ல பழசு என்றும், ஒருக்கால் நாகலிங்கம் ஐயாவைக் கொண்டு பார்ப்பிக்க யோசிப்பதாகவும் காவல்காரனிடம் உரத்துச் சொன்னான். பரமலிங்கத்துக்கு அது உள்ளே கேட்டது. அவர் ஸ்ரெல்லாவைக் கூப்பிட்டு, தேத்தண்ணிக்கும் சொல்லிவிட்டு, இரண்டு வரியையும் மாற்றச் சொன்னார். அவர் குடித்து முடிக்க முன்னமே ஸ்ரெல்லா மாற்றி முடித்துவிட்டாள்.

படகுகளுக்கு முழுப்பெயரும் திரும்பி வந்தது. கடலுக்குப் போன படகுக்கு ஐஸ் வந்தது. முத்துக்குமாரு நீர்வேலியில் மண்வெட்டியைக் கொடுத்துவிட்டு வந்து, மார்க்கண்டுவின் படகில் பங்குக்குப் போகத் தொடங்கினான். ‘அன்னபூரணேஸ்வரி’ என்று அதன் நெற்றியில் புது மையால் எழுதியதும் அவன்தான்.

சோமசேகரம் மட்டும் திரும்பி வரவில்லை. திருத்தம் அன்றிலிருந்து நடப்பதற்குத்தான் பொருந்தும், அதற்கு முன்பு உக்கியவர் உக்கியவரே என்று இணக்கக் குழு பரமலிங்கத்தின் தலைமையில் தீர்மானித்தது. அவருக்குச் சம்பளமும் இல்லை, ஓய்வூதியமும் இல்லை. படகுக்கு ஓய்வூதியம் கொடுக்கிற வழக்கம் எங்கும் கிடையாது. மீண்டும் சேவையில் சேரவேண்டுமானால் ஒரு வழி இருந்தது. பரிசோதகர் கடலில் இறக்கிப் பார்த்து நற்சான்று தரவேண்டும், உரிமையாளரின் ஒப்புதலோடு. உரிமையாளர் என்று கொம்பியூற்றரில் இருந்த பெயர் இராசமலர்.

அப்படித்தான் ஒரு காலை நேரத்தில், கரைச் சனம் முழுவதும் பார்த்துக்கொண்டு நிற்க, பணிப்பாளராக இருந்த சோமசேகரம் காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு மயிலிட்டிக் கடலுக்குள் இறங்கினார். இடுப்பளவு தண்ணீரில் நிறுத்தி, நாகலிங்கம் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். முன்பக்கத்து அணியம் பழுதில்லை. பக்கப் பலகை பழுதில்லை. அலையடித்தபோது கொஞ்சம் சாய்ந்தது, ஆனால் கவிழவில்லை.

“அடிப்பாகம்?” என்றார் நாகலிங்கம்.

“நான் ஒரு பட்டதாரி ஐயா!” என்றார் சோமசேகரம்.

நாகலிங்கம் அதற்கென்று இடமில்லாததால் எழுதவில்லை. “கடைசியாய், ஒழுக்கு இருக்கோ இல்லையோ. அதைச் சம்மாட்டிதான் சொல்லவேணும்” என்று கரைப்பக்கம் திரும்பினார்.

இராசமலர் நனைமணலில் நின்றாள். அவளுக்குப் பக்கத்தில் முத்துக்குமாரு நின்றான். சோமசேகரம் இரண்டு கைகளையும் தண்ணீருக்கு மேலே தூக்கிக் கும்பிட்டார்.

“நீங்கள் ஒரு சொல்லுச் சொன்னால் போதும்” என்றார். அவளை அவர் ‘நீங்கள்’ என்றது அதுதான் முதல் தடவை. “எனக்குப் பிள்ளையள் இருக்கு. ஒழுக்கு இல்லையெண்டு சொல்லுங்கோ அம்மா.”

அவருடைய கண்ணிலிருந்து நீர் வடிந்து, மூக்கு நுனியில் நின்று, சொட்டியது. முத்துக்குமாரு தலையைக் குனிந்தான். தங்கையின் முழங்கையை மெல்லத் தொட்டான். இராசமலர் கையை இழுத்துக்கொண்டாள்.

“ஒழுகுதே ஐயா” என்றாள். “இஞ்சை நிண்டு பாக்கவே தெரியுது.”

நாகலிங்கம் உற்றுப் பார்த்தார். உண்மைதான். நேர்மையான மனிதர், பார்த்ததை எழுதினார். “அப்ப அடுத்த வருசம் ஒருக்கால் கொண்டுவந்து காட்டுங்கோ, சம்மாட்டி” என்றார்.

“பாப்பம்” என்றாள் இராசமலர். மேலே தெருவில் கொழும்பு லொறி வந்து நின்று கோர்ன் அடித்தது. அவள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, பெட்டிகளுக்கு ஐஸ் உடைக்கச் சொல்லிக் கூப்பிட்டபடி, கடலுக்கு முதுகைக் காட்டி நடந்தாள்.